ஜெசிக்கு நான் நிரப்பிய படிவம்

தொப்பி போட்ட தொண்டர் ஒருவர் கைவிளக்கை அடித்து ஜெசியின் நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத் தாளைப் பார்த்தார். விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கடல் பக்கம் வானம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. எங்களைச் சுற்றி நின்றவர்கள் கால்களை உதறினார்கள், குனிந்து நிமிர்ந்தார்கள், ஒருவரை ஒருவர் படம் எடுத்தார்கள். எங்கும் நோவெண்ணெய் வாசம்.

எல்லோருடைய நெஞ்சிலும் சிவப்பு இலக்கம். ஜெசியின் நெஞ்சில் மட்டும் பச்சை.

தொண்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஜெசி என்னைப் பார்த்தாள்.

"என்னவாம், மச்சாள்?"

"பச்சைக்காரர் இப்ப ஓடேலாதாம். அவைக்கு ஏழு மணிக்குத்தானாம்."

அது உண்மைதான். அதற்குப் பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். அதுவும் எனக்கு நன்றாக விளங்கியது. அதை நான் ஜெசிக்குச் சொல்லவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் என் பெருமைகள். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை, கம்பஸ் பட்டம், வேலை. இந்த வாரம் வேறு. எழுதலாமா என்று ஜெசியிடமே கேட்டேன். "எழுது. இந்த முறையாவது என்னைப் பற்றிச் சரியா எழுது" என்றாள்.

துணைக்கு வந்தவள்

ஓர்ஸ் ஹில்லில் உள்ள ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. காலை முதல் மாலை வரை கதிரையில் உட்கார்ந்தபடி. முதல் வருடத்திலேயே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. அப்போதுதான் ஓடலாம் என்று நினைத்தேன்.

நான் எதையும் அட்டவணை போட்டுச் செய்கிறவள். பரீட்சைகளும் அப்படித்தான் பாஸ் பண்ணினேன். எத்தனை கிழமையில் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடி எடுத்து, அலுவலகத்தில் அச்சடித்து, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினேன். சேர்த்துவைத்த காசில் ஓடுகிறவர்கள் கட்டும் மணிக்கூடு ஒன்றும் வாங்கினேன்.

அம்மா கதவைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஓடுறதெண்டால் ஓடு. ஆனா விடியப்பறம் குமர்ப்பிள்ளை தனிய றோட்டில போகேலாது. ஜெசியைக் கூட்டிக்கொண்டு போ."

ஜெசி என் மாமாவின் மகள். அடுத்த வளவு. என்னைவிட இரண்டு வயது இளையவள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, துறைமுகப் பக்கம் ஒரு மீன் வாடியில் வேலைக்குப் போனாள். படகில் வரும் மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கி லொறியில் ஏற்றும் வேலை.

முதல் நாள் வீட்டுச் சட்டையோடும் றப்பர் செருப்போடும் வந்தாள். கொட்டாவி விட்டாள்.

"மச்சாள், எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. ஆரும் கலைக்கிறாங்களோ? இல்லாட்டி ஏன் ஓடவேணும்?"

என் பழைய சப்பாத்தைக் கொடுத்தேன். ஒரு மாதம் பின்னால் வந்தாள். அடுத்த மாதம் பக்கத்தில். மூன்றாம் மாதம் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறியபோது, அவள் மேலே ஒரு மதகில் குந்தியிருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ கம்பஸ் மேடம், வாங்கோ. கோப்பி குடிச்சிட்டு வாறியளோ?"

நான் சிரித்தேன். நானும் நல்லவள்தான் என்று காட்டுவதற்கான சிரிப்பு அது. வீட்டுக்கு வந்து அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு நாள்கூட நான் தவறவிடவில்லை. அவளிடம் அட்டவணையே இல்லை. துணைக்கு வந்தவள் அவள்.

"அவளும் வந்தவள்"

அப்பா கடலுக்குப் போகிறவர். பள்ளிக்கூடம் போகாதவர். என்னைப் படிக்கவேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. படித்ததைப் பற்றி எதுவும் சொன்னதும் இல்லை.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று முற்றத்தில் குந்தியிருந்து படகு இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஓமோ? நல்லது" என்றார். பிறகு, "அந்தச் சாவியை எடு மகள்" என்றார்.

பட்டமளிப்பு விழாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். அன்று அதிகாலைதான் கடலால் வந்திருந்தார். மண்டபத்தில் குளிரூட்டி. என் பெயரைக் கூப்பிட்டபோது அவர் அம்மாவின் தோளில் சாய்ந்து நித்திரை. அம்மா உலுப்பி எழுப்புவதற்குள் நான் மேடையை விட்டு இறங்கிவிட்டேன். அதை நாங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் காலை நானும் ஜெசியும் உட்துறைமுக வீதியால் ஓடினோம். அதே நேரம் அப்பாவின் படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது. மத்தியானம் சாப்பாட்டில் அப்பா சோற்றைப் பிசையாமல் கதைத்தார். எங்கள் வீட்டில் அது நடக்காத விஷயம்.

"இவள் ஜெசி ஓடுறதைப் பாத்தனியோ? நாங்கள் கடலில இருந்து பாத்தனாங்கள். புது எஞ்சின் மாதிரி! மூச்சு வாங்கேல்ல அந்தப் பிள்ளைக்கு. படகில இருந்த எல்லாரும் வாயைப் பிளந்திட்டாங்கள்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "எங்கட பிள்ளையும் ஓடினவள்தானே?"

"ஓம் ஓம். அவளும் வந்தவள், பின்னால."

என் சோற்றுக் கோப்பையில் சொதி ஆறிப்போனது. அப்பா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. பதினேழு வருடம் நான் படித்தது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் அவள் ஓடியது கடலில் இருந்தே தெரிந்தது.

அதன் பிறகு தினமும் வீட்டுக்குள் வரும்போதே கேட்பார்: "இண்டைக்கு ஜெசி எவ்வளவு ஓடினவள்?"

பெட்டிக்குள் மூன்று வரிகள்

அரை மரதன் அறிவித்தல் வந்தபோது ஜெசிக்கு முதலில் காட்டியது நான்தான். இருபத்தொரு கிலோமீற்றர். நகரத்தில் தொடங்கி, துறைமுகத்தைச் சுற்றிச் சீனக்குடாப் பக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். அவளும் ஓடுவாள் என்று வீட்டில் அந்த நிமிடமே முடிவானது. அப்பா படகுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

எங்கள் ஒழுங்கையில் படிவம் என்றால் நான்தான். அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, படகுப் பதிவு, நிவாரணம், எல்லாம். மண்ணெண்ணெய் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் எங்கள் வாசலில் சொப்பிங் பைக்குள் கடதாசிகளோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. நான் எழுதினால் பிழை வராது என்று பெயர்.

ஜெசி அடையாள அட்டையைக் கொண்டுவந்து தந்தாள். ஈரமாக இருந்தது. மீன் வாசம் அடித்தது.

"எனக்கு உந்த இங்கிலீஸ் ஏலாது. நீயே போடு, மச்சாள். கையெழுத்து வேணுமெண்டால் கூப்பிடு."

இணையத்தில் நிரப்பும் படிவம். முதலில் என்னுடையதை நிரப்பினேன். பிறகு அவளுடையது. பெயர், முகவரி, இரத்த வகை. தூரம் என்று ஒரு பெட்டி. அதை அமத்தினால் மூன்று வரிகள் விரியும். இருபத்தொன்று, பத்து, ஐந்து.

விரல் வழுக்கிவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வழுக்கவில்லை. ஐந்தை அமத்தினேன். "விபரங்கள் சரிதானா?" என்று அது திரும்பவும் கேட்டது. சரி என்று கொடுத்தேன்.

ஒரே ஒரு நாள் அப்பா அந்த வீதியில் நின்று என்னை மட்டும் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

ஓட்டத்துக்கு முதல் நாள் இலக்கத் தாள்களை வாங்கி வந்தோம். ஜெசி தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் எனக்குப் பச்சை?"

"முதல்தரம் ஓடுறவைக்குப் பச்சை."

"அப்ப நீ எத்தினையாந்தரம்?"

"எனக்கு... கம்பஸில ஓடினது கணக்கிலயிருக்கு."

கம்பஸில் நான் பஸ்ஸுக்குத்தான் ஓடியிருக்கிறேன். ஜெசி நம்பினாள். தாளை நெஞ்சில் வைத்துக் கண்ணாடி பார்த்து, "பச்சை வடிவாத்தான் இருக்கு" என்றாள்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. பூசையைத் தவறவிடக்கூடாது என்று அம்மா எங்கள் இருவரையும் சனிக்கிழமை பின்னேரமே மாதா கோயிலுக்கு அனுப்பினார். பாவசங்கீர்த்தன வரிசையில் ஜெசிக்கு முன்னால் நின்றேன். முழந்தாளிட்டு, கோபப்பட்டேன், பொய் சொன்னேன், அம்மாவுக்கு எதிர்த்துக் கதைத்தேன் என்று மொத்தமாகச் சொன்னேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று என்று எழும்பி வந்தேன். ஜெசி உள்ளே போய் நீண்ட நேரம் இருந்தாள். அவளுக்கு அப்படி என்ன பாவம் இருக்கும் என்று அதிலும் எனக்கு ஒரு எரிச்சல்.

தொண்டர் சொன்னது

இனி அந்த விடியற்காலைக்கு வருகிறேன். அந்த மனிதர் சிங்களத்தில் சொன்னது இதுதான்:

"தங்கச்சி, தவறிப் பதிந்திருந்தால் பரவாயில்லை. வராத ஆட்களின் சிவப்பு இலக்கங்கள் என் கையில் இருக்கின்றன. ஒன்று தருகிறேன். இவருடைய பெயரை மட்டும் சொல்லுங்கள்."

படிவத்தில் நான் செய்ததைத் திருத்த ஒரு சொல் போதும். ஜெசிக்குச் சிங்களம் விளங்காது. ஆனால் முகம் பார்க்கத் தெரியும்.

"ஏசுற மாதிரித் தெரியேல்லையே, மச்சாள்? சிரிச்சுக்கொண்டுதானே கதைக்கிறார்?"

"படிவத்தில ஏதோ பிழையாம், உனக்கு ஐஞ்சு கிலோமீற்றர்தானாம். மாத்த ஏலாதாம்" என்றேன்.

அவரிடம் திரும்பி, இவருக்கு ஐந்து கிலோமீற்றர்தான் விருப்பம் என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன். அவரும் தலையாட்டி, ஜெசிக்கு உட்கார ஓர் இடத்தைக் காட்டினார்.

ஜெசியின் முகம் விழுந்தது. ஒரு கணம்தான். பிறகு சட்டைப் பைக்குள் இருந்து சின்னப் பொலித்தீன் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். உப்புத் தடவிய தேசிக்காய்ப் பாதிகள் இரண்டு. ஆளுக்கு ஒன்று என்று வீட்டில் இருந்து வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"ரெண்டையும் நீ வைச்சிரு. ஐஞ்சுக்கு எனக்கென்னத்துக்கு?"

விசில் ஊதினார்கள்.

பதினேழாவது கிலோமீற்றர்

முதல் ஐந்து கிலோமீற்றர் சந்தோஷமாக ஓடினேன் என்பதை மறைக்கவில்லை. மேட்டில் எனக்காக ஒருவரும் குந்தியிருக்கவில்லை. துறைமுகத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பெரிய கப்பல் ஒன்றில் இன்னும் விளக்கு எரிந்தது. தார் குளிர்ந்திருந்தது. என் மூச்சைத் தவிர வேறு சத்தம் இல்லை.

சீனக்குடாப் பக்கம் திரும்பும்போது வெயில் முதுகில் ஏறிவிட்டது. தொடை இரண்டும் உரஞ்சி எரிந்தன. பதின்மூன்றாவது கிலோமீற்றரில் தேசிக்காயை வாயில் வைத்தேன். உப்பும் புளியும் பல்லுக்குள் இறங்கின. இரண்டாவது பாதியை எடுக்கவில்லை. சட்டைப் பைக்குள் அது நசிந்து ஈரமாகிக்கொண்டே வந்தது.

பதினேழாவது கிலோமீற்றர் துறைமுக வீதி வளைவு. கடலால் வந்த கையோடு அப்பாவும் நாலைந்து படகுக்காரர்களும் அங்கே நின்றார்கள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டி, கையில் தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தார். தூரத்தில் இருந்தே என்னைக் கண்டுவிட்டார். நான் நிமிர்ந்தேன். கையை அழகாக வீசினேன்.

"ஜெசி எங்க?" என்றார்.

அதுதான் முதல் சொல்.

"பின்னால வாறாள், அப்பா."

அவர் என் தலைக்கு மேலால் வீதியைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு மணி ஐம்பத்து நான்கு நிமிடம். நான் ஓடிய ஓட்டங்களிலேயே நல்ல ஓட்டம். பின்னால் ஒருவர் சொல்வது கேட்டது:

"உவள் கம்பஸ்காரி முன்னுக்கு வந்திட்டாள் எண்டால் ஜெசிக்கு என்னவோ நடந்திட்டுதடா."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரித்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவுக் கோட்டில் யாரோ கழுத்தில் பதக்கம் போட்டார்கள். யாரோ கையில் வாழைப்பழம் வைத்தார்கள். சனத்துக்குள் அப்பாவைத் தேடினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பச்சை இலக்கத்தோடு ஒருத்தி துள்ளிக்கொண்டு நின்றாள்.

"மச்சாள்! மச்சாள்! ஓடி முடிச்சிட்டாய்!"

கயிற்றுக்குக் கீழால் புகுந்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் விழுந்திருப்பேன்.

"ஐஞ்சு கிலோமீற்றர், போனதும் தெரியேல்ல, வந்ததும் தெரியேல்ல. எனக்கு முன்னால ஒருத்தருமில்லை. ஆனா எங்களுக்கு நேரம் எழுதுறேல்லையாம்." பிறகு சுற்றிப் பார்த்தாள். "மாமா எங்க? இன்னும் வரேல்லையோ?"

வளைவில் நின்றவர்

அப்பாவைத் தேடி இருவரும் நடந்தோம். பொலிஸ்காரர்கள் வீதியைத் திறந்துவிட்டார்கள். பஸ்கள் ஓடத் தொடங்கின. கூம்புகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

படகுக்காரர்கள் போய்விட்டார்கள். அப்பா மட்டும் வெயிலில் நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீனக்குடாப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அதே போத்தல். திறக்கவே இல்லை. நொண்டி நொண்டி வந்த கடைசி ஆள் ஒருவரை மறித்து, "பின்னால ஒரு பெட்டை வாறாளோ?" என்று கேட்டார். அந்த ஆள் கையை விரித்தார்.

"மாமா!" என்று ஜெசி கத்தினாள்.

அப்பா திரும்பினார். அவளைத் தலையில் இருந்து கால் வரை பார்த்தார்.

"விழுந்தனியோ?"

"இல்லை மாமா. என்னை ஐஞ்சில போட்டிட்டாங்கள். படிவத்தில பிழையாம்."

"படிவம் ஆர் நிரப்பினது?"

கேட்டுவிட்டு அவரே என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

"கொம்பியூட்டர் பிழையாயிருக்கும், மாமா" என்றாள் ஜெசி. "மச்சாள் போட்டால் பிழை வராது."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் கொம்பியூட்டர் என்றே சொல்லியிருப்பேன்.

"பிழை இல்லை. நான் வேணுமெண்டுதான் ஐஞ்சைப் போட்டனான். விடியவும் மாத்தித் தாறன் எண்டுதான் அந்தத் தொப்பிக்காரர் சொன்னவர். நான்தான் ஏலாதெண்டு சொன்னனான்."

ஒரு பஸ் போனது. ஜெசி முகத்தில் படிந்த தூசியைத் துடைத்தாள்.

"ஏன் மச்சாள்?"

"அப்பா எந்த நேரமும் உன்ர கதைதான். என்னை ஒருநாளும் கதைச்சதில்லை."

அப்பா போத்தலை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "விசர்ப் பெட்டை. நீ படிச்சதைப் பற்றி நான் என்னத்தைக் கதைக்கிறது? எனக்கு விளங்கினதைத்தானே நான் கதைக்கலாம்."

ஜெசியிடம் ஒரு கேள்வி இருந்தது. நெஞ்சில் இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"அது உனக்கும் மாமாவுக்கும் உள்ள கதை. அதுக்கு என்ர ஓட்டத்தை ஏன் எடுத்தனீ?"

பச்சைத் தாளை என் கையில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டாள்.

ஒரு கிழமை

அந்தக் கிழமை அவள் எங்கள் வளவுக்கு வரவில்லை. அம்மா காரணம் கேட்டார். அப்பா சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. ஏனென்றால் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டு, என் கோப்பையில் மீன் துண்டு வைப்பதையும் நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா சொன்னார்: "நாளைக்கு ஜெசி ஓடுறாள். அதே வழி, அதே தூரம். நான் சைக்கிளில பக்கத்தில போறன்."

"நானும் வாறன்."

"நீ வரத் தேவையில்லையாம்."

அப்பா ஒருநாளும் என் பக்கத்தில் சைக்கிள் ஓட்டி வந்ததில்லை. நான் கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பார் போல. அன்று முழுக்க அந்த நினைவு என்னை அரித்தது.

ஞாயிறு காலை நான் வளைவுக்குப் போனேன். வராதே என்று சொன்னது ஓடுவதற்குத்தான், நிற்பதற்கு இல்லை என்று எனக்கு நானே சட்டம் கதைத்துக்கொண்டு போனேன். கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது.

முதலில் சைக்கிளின் கிறீச் சத்தம் கேட்டது. பிறகு அவள் தெரிந்தாள். இத்தனை மாதமும் நான் ஜெசியின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். முன்னால் இருந்து பார்த்தது அன்றுதான். தலை ஆடவில்லை. தோள் இரண்டும் தளர்ந்து கிடந்தன. கால் தரையில் பட்ட சத்தமே கேட்கவில்லை. அப்பா கடலில் இருந்து எதைப் பார்த்தார் என்று விளங்கியது. அப்படி ஒருநாளும் என்னால் ஓடமுடியாது என்பதும் விளங்கியது.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர்கள் எத்தனை மணிக்குத் தொடங்கினார்கள் என்பது எனக்குத் தெரியும். எத்தனை மணிக்குத் தொடங்குவதென்று அப்பா கேற்றடியில் ஜெசிக்குச் சொன்னதை நான் விழித்திருந்து கேட்டேன். ஓடத் தொடங்கி ஒரு மணி நாற்பத்து மூன்று நிமிடம். போன ஞாயிறு இதே இடத்தில் என் நேரம் என்னவென்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. பேசாமல் நிற்கலாம்.

அவள் என்னைக் கடந்து நாலைந்து அடி போய்விட்டாள்.

"ஜெசி! என்னைவிடப் பதினொரு நிமிஷம் முன்னுக்கு நிக்கிறாய்!"

அவள் திரும்பவில்லை. அப்பாதான் சைக்கிளில் இருந்தபடியே கழுத்தைத் திருப்பினார்.

"பதினொண்டோ?"

"ஓம் அப்பா! பதினொண்டு!"

அதைக் கேட்டதும் ஜெசியின் கால்கள் இன்னும் வேகம் எடுத்தன. பதினேழு கிலோமீற்றர் ஓடிவிட்டு ஒரு மனிசி இப்படி வேகம் எடுப்பாளா? எனக்கு வயிறு எரிந்தது. போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடேயே, அவர்கள் போன பக்கம் ஓடத் தொடங்கினேன்.